பொருள் இல்லாத ராஜினாமா

பொருள்: பின்குறிப்பு காண்க.
பார்வை: செவ்வாய்க்கிழமை தொலைபேசியில் நீ பேசியது.

மரியாதைக்கும் கொஞ்சம் பயத்துக்கும் உரிய அக்காவுக்கு,

தங்கை எழுதுவது. நான் நலம். நீயும் அத்தானும் உன் முழங்காலும் நலமென்று நம்புகிறேன். இருபத்திரண்டு வருடம் அலுவலகக் கடிதங்களைத் தட்டச்சு செய்த கை, சொந்த அக்காவுக்கு எழுதும்போதும் இப்படித்தான் தொடங்குகிறது. மன்னித்துக்கொள்.

"அங்க தனியா உக்காந்து என்னடி பண்ணப் போறே? வேலைய விட்டுட்டு வந்துடு, மாடி அறை சும்மாதானே கிடக்கு" என்றாயே, நியாயம்தான் என்று மறுநாளே ராஜினாமா எழுதிக் கொடுத்தேன். மாலைக்குள் என் மேசைக்கே திரும்பி வந்துவிட்டது. ஓரத்தில் அதிகாரியின் சிவப்பு மையில், 'பொருள் இல்லை. திருப்பப்படுகிறது.' தூக்கிவாரிப்போட்டது. பொருள் என்ற இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன் என்பது பிறகுதான் தெரிந்தது. அடுத்த மேசைக்காரி எட்டிப் பார்த்து, "என்னக்கா, உங்க பொழப்பையே ரெண்டு வார்த்தையில எழுதிட்டாரு" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். பாதியில் நின்றுவிட்டது.

சரி, நிரப்பிவிடுவோம் என்று உட்கார்ந்தேன். 'உடல்நலக் குறைவு' என்று போட, குத்துக்கல்லாட்டம் இருக்கிறேன். 'குடும்பச் சூழல்' என்றால், சூழ்வதற்கு யார் இருக்கிறார்கள்? 'அக்கா சொன்னாள்' என்று போடலாம், உண்மையும் அதுதான். கல்லூரியில் எடுத்த பாடம், இந்த வேலை, நான் எடுக்கும் நேர்வகிடு எல்லாமே அந்தப் பொருளில் நடந்தவைதானே. கடைசியில் அதிகாரியிடமே போய், "சார், நீங்களே ஏதாவது போட்டுக்குங்களேன்" என்றேன். இத்தனை வருடமும் அவர் பொருள் சொல்வார், நான் தட்டுவேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஏம்மா, போறது நீங்க. அதுக்குப் பொருள் நான் எப்படிம்மா போடறது?" என்றார்.

எனக்கான பொருளை யாரோ எங்கோ எழுதிவைத்திருப்பார்கள், கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள் என்றே இருந்துவிட்டேன். அப்படி ஒரு கோப்பே இல்லை, அக்கா.

அதற்காக நீ கவலைப்படாதே. 'சொந்தக் காரணம்' என்று எழுதி நாளை கொடுத்துவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். மாடி அறையைப் பெருக்கி வை. அத்தானுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு அன்பு, உன் முழங்காலுக்கு ஓய்வு.

சொன்னதைத் தட்டியும் சொல்லைத் தட்டாமலும் வாழ்ந்த,
உன் தங்கை.

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது பார்க்கிறேன், இந்தக் கடிதத்திலும் பொருள் காலி. நீயும் திருப்பி அனுப்பிவிடுவாயே என்று பேனாவை எடுத்து, மேலே 'பின்குறிப்பு காண்க' என்று நிரப்பிவிட்டு இங்கே வந்தேன். யாரும் சொல்லாமல் நானே எழுதும் முதல் பொருள் இது: 'வரவில்லை.' ஏன் என்று கேட்காதே. காரணத்தை இனிமேல்தான் நான் உண்டாக்க வேண்டும். இப்போதைக்கு வகிட்டை மட்டும் இடப்பக்கம் மாற்றியிருக்கிறேன். கோணலாகத்தான் இருக்கிறது. இருக்கட்டும்.