யானை போட்ட தாம்பூலப் பை

போன நவராத்திரி சனிக்கிழமை எனக்கு இருந்த வேலை ரொம்ப சிம்பிள். மூணு வீட்டுக் கொலுவுக்குப் போகணும், சுண்டல் சாப்பிடணும், வெத்தலைபாக்கு வாங்கிக்கணும், ஆறு மணிக்குள்ள வீட்டுக்கு வந்துடணும்.

லதா வீடு, மைதிலி வீடு, சாந்தி வீடு. மூணும் டெக்ஸாஸ்ல எங்க ஊர் ஃப்ரிஸ்கோலயே. ஒண்ணுலேர்ந்து ஒண்ணு கார்ல அஞ்சு நிமிஷம். இதுல என்ன தப்பு நடந்துடப் போகுதுன்னு தான் நானும் நெனச்சேன்.

அதுக்கு முன்னாடி ஒரு விஷயம் சொல்லிடறேன். என் கிட்ட ஒரு துப்பாக்கி இருக்கு. லைசென்ஸோட.

நான் ஃபார்மசிஸ்ட். கடையைப் பூட்டிட்டு காலியா கிடக்கற பார்க்கிங் லாட்ல தனியா நடக்கற உத்தியோகம். ரெண்டு தடவை ஒருத்தன் பின்னாடியே வந்தான். அப்புறம் தான் க்ளாஸுக்குப் போய், பரீட்சை எழுதி, சுட்டுக் காமிச்சு, பாஸ் பண்ணினேன்.

க்ளாஸ் எடுத்தவர் எழுபது வயசு டெக்ஸாஸ்காரர். பூட்ஸ், தொப்பி, பெரிய மீசை. "வழக்கமா என்ன ட்ரெஸ் போடுவீங்க மேடம்?"னு கேட்டார். ஃபோன்ல பட்டுப்புடவை ஃபோட்டோ காமிச்சேன். ரொம்ப நேரம் பாத்தார்.

"இதுக்குள்ள நாலு துப்பாக்கி ஒளிச்சு வெக்கலாம். ஆனா அவசரத்துக்கு ஒண்ணைக்கூட வெளிய எடுக்க முடியாது" அப்படின்னார்.

கடைசி நாள் அவர் சொன்னதை நோட்ல எழுதி அடிக்கோடு போட்டு வெச்சிருந்தேன். "துப்பாக்கிக்கு ரெண்டே இடம் தான். ஒண்ணு உங்க கூட, இல்ல பூட்டின பெட்டிக்குள்ள. மூணாவது இடம் கிடையாது. இன்னொண்ணு, முதல் மாசம் யாரும் தப்பு பண்ண மாட்டாங்க, பயம் இருக்கும். எட்டாவது மாசம் தான் ஜாக்கிரதையா இருக்கணும்."

நான் சொல்ற சனிக்கிழமை எட்டாவது மாசத்துல வருது.

முதல் மாசம் என்னைப் பாத்திருக்கணும் நீங்க. அதுக்குன்னே தனி ஜிப் வெச்ச கறுப்பு ஹேண்ட்பேக் வாங்கி, பச்சைக் குழந்தையை மாதிரி மடியிலயே வெச்சிருப்பேன். எட்டாவது மாசம் வந்தப்போ அந்த ஜிப்புக்குள்ளயே லிப்ஸ்டிக், சீப்பு, பழைய ரசீது எல்லாம் துப்பாக்கியோட ஒண்ணுமண்ணா ஆயிடுச்சு. கார் சீட்டுக்கு அடியில ஒரு பூட்டுப் பெட்டி உண்டு. அதோட சாவி காணாம போய் மூணு வாரம். என் வீட்டுக்காரர் சேகர் தினம் கேப்பார், "சாவி கிடைச்சுதா?" நான் தினம் சொல்லுவேன், "எங்க போகப் போகுது, வீட்டுல தான் இருக்கும்."

சரி, கதைக்கு வரேன்.

முதல்ல லதா வீடு. போனதும் லதா என் புடவையைப் பாத்துட்டு, அப்புறம் பையைப் பாத்தா.

"என்னடி இது, இவ்ளோ அழகா அரக்குல பச்சை பார்டர் கட்டிட்டு, கையில ஆஸ்பத்திரிக்குப் போற மாதிரி ஒரு பை?"

இது போதும். எனக்கு சுண்டலே இறங்கலை.

லதா அந்த வருஷம் வெத்தலைபாக்கு குடுக்க யானை படம் போட்ட சணல் பை ஆர்டர் பண்ணியிருந்தா. உள்ள ஒரு தேங்கா, மஞ்சள் குங்குமம், சீப்பு, கண்ணாடி, ப்ளவுஸ் பிட். வந்தவங்க எல்லாருக்கும் அதே பை, அதே யானை.

கார்ல வந்து உக்காந்ததும் மூளை வேலை செய்ய ஆரம்பிச்சுது. இந்த மாதிரி நேரத்துல தான் அது வேலை செய்யும். க்ளோவ் பாக்ஸ்ல ஒரு சின்ன பச்சை க்ளட்ச் பர்ஸ் இருந்தது, புடவைக்கு அப்படியே மேட்சிங். ஃபோனையும் லிப்ஸ்டிக்கையும் அதுல போட்டேன். துப்பாக்கி அதுல போகாது. பெட்டியில பூட்டலாம்னா சாவி இல்ல. கார்ல சும்மா விட்டுட்டுப் போகக் கூடாது, அந்த அளவுக்குப் பொறுப்பு இருக்கு எனக்கு.

அதனால, உறையோட பூப்போட்ட பவுச்சுல வெச்சு, ஜிப் போட்டு, யானைப் பையில தேங்காய்க்கு அடியில சொருகி, மேல ப்ளவுஸ் பிட்டை மூடிட்டேன். க்ளாஸ்ல அவர் கிடையாதுன்னு சொன்ன அந்த மூணாவது இடத்தைக் கண்டுபிடிச்சவ நான் தான்.

ரெண்டாவது மைதிலி வீடு. சோஃபால எனக்குப் பக்கத்துல பத்மா ஆன்ட்டி உக்காந்திருந்தாங்க. அவங்களும் லதா வீட்டுலேர்ந்து தான் வந்திருந்தாங்க. கையில அதே யானை.

மைதிலி ஆரம்பிச்சா. "ரேவதி, ஒரு பாட்டு பாடேன்."

"ஐயோ வேணாம், தொண்டை சரியில்ல."

"சும்மா ரெண்டு வரி."

இந்த ரெண்டு வரின்னு சொன்னா எனக்கு ரெண்டு வரியில நிறுத்தத் தெரியாது. பையைக் கீழ வெச்சுட்டு, கண்ணை மூடிட்டு, முழுப் பாட்டையும் பாடினேன். கண்ணைத் திறந்தா பத்மா ஆன்ட்டி இல்ல. நான் அதை என் பாட்டுக்கான விமர்சனம்னு எடுத்துக்கிட்டேன். காலடியில யானை இருந்தது. காபி குடிச்சேன், முக்கால் மணி நேரம் அரட்டை அடிச்சேன், யானையைத் தூக்கிட்டுக் கிளம்பினேன்.

கார்ல ஏறினதும் பழக்கதோஷத்துல பைக்குள்ள கையை விட்டு பவுச்சைத் தொட்டுப் பாக்கலாம்னு துழாவினேன். கைக்கு வந்தது ஒரு ஆப்பிள்.

இன்னொரு தடவை துழாவினேன். இன்னொரு ஆப்பிள்.

லதா ஆப்பிள் குடுக்கவே இல்ல.

பையை அப்படியே சீட்ல கொட்டினேன். தேங்கா, சீப்பு, கண்ணாடி, ப்ளவுஸ் பிட், ரெண்டு ஆப்பிள். குண்டு போட்ட துப்பாக்கி ஒண்ணு இந்த ஊர்ல யார் வீட்டுலயோ, குழந்தைங்க ஓடிட்டிருக்கற கூடத்துல, சுண்டல் தட்டுக்குப் பக்கத்துல இருக்கு. வெச்சவ நான்.

பத்மா ஆன்ட்டிக்கு ஃபோன் பண்ணினேன். அப்பயாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனா எங்க ஊர்ல ஒரு விஷயம் பத்மா ஆன்ட்டிக்குத் தெரிஞ்சா, அஞ்சு நிமிஷத்துல ஹூஸ்டன் வரைக்கும் தெரியும்.

"ஆன்ட்டி, நம்ம பை மாறிப் போச்சு. என் பையில என்னோட... சுகர் மெஷின் இருக்கு."

"அடப்பாவமே, உனக்கு சுகரா? இந்த வயசுலயா? சொல்லவே இல்லையேம்மா. எவ்ளோ இருக்கு?"

"அது இருக்கட்டும் ஆன்ட்டி. பை எங்க?"

"அதை சாந்தி கிட்ட குடுத்துட்டேனே. அவ வீட்டுக் கொலுவுக்கு வெறுங்கையோட போறதான்னு, லதா குடுத்ததுலயே ரெண்டு ஆப்பிள் போட்டு ரெடியா வெச்சிருந்தேன்."

"குடுக்கும்போது திறந்து பாத்தீங்களா?"

"எதுக்குத் திறக்கணும்? எல்லாப் பையிலயும் அதே தேங்கா, யாரும் தைக்காத அதே ப்ளவுஸ் பிட். இருபது வருஷமா நான் எதையும் திறக்கறதில்ல. நீ ஒண்ணும் கவலைப்படாதே, என் கிட்ட ரெண்டு மெஷின் இருக்கு, ஒண்ணு எடுத்துக்கோ."

சாந்திக்கு அடிச்சேன். எடுக்கலை. மறுபடி அடிச்சேன். எடுக்கலை. நடுவுல சேகர் கூப்பிட்டார். ராத்திரிக்கு என்ன டிஃபன்னு கேப்பார்னு கட் பண்ணினேன். திரும்பக் கூப்பிட்டார். திரும்பக் கட் பண்ணினேன்.

இதுக்குள்ள எங்க கொலு வாட்ஸ்அப் க்ரூப்ல டிங் டிங்னு மெசேஜ். சிக்னல்ல நின்னப்போ பாத்தேன். பத்மா ஆன்ட்டி போட்டிருந்தாங்க: "நம்ம ரேவதிக்கு சுகராம். பாவம், சின்னப் பொண்ணு." அதுக்குக் கீழ இருபத்தி மூணு பதில். வெந்தயம் ஊறப்போடு. பாகக்காய் ஜூஸ் குடி. வெள்ளை அரிசியைத் தொடாதே. இவங்க எல்லாருக்கும் மருந்து குடுக்கறதே நான் தான்.

சாந்தி வீட்டு பெல் அடிச்சேன். கதவைத் திறந்தது அவளோட இரட்டைப் பசங்க, ஒன்பது வயசு.

"அம்மா எங்கடா?"

"ஷீ வென்ட் டு கிவ் பேக்ஸ், ஆன்ட்டி." நேர்ல வர முடியாதவங்க வீட்டுக்கு வெத்தலைபாக்கு குடுக்கப் போயிருக்காளாம். அவ ஃபோன் கொலுப்படியில, செட்டியார் பொம்மைக்குப் பக்கத்துல, என் பேரைக் காமிச்சு மின்னிட்டிருக்கு. அப்பா மாடியில ஏதோ மேட்ச் பாக்கறார்.

"எலிஃபென்ட் போட்ட பை ஒண்ணு வந்துதே, அது?"

"அம்மா டுக் இட்."

"நீங்க யாராவது அதைத் திறந்தீங்களா?"

"நோப். இட்ஸ் ஆல்வேஸ் கோகனட்"னு ஒருத்தன் சொன்னான்.

இன்னொருத்தன் கொஞ்சம் தயங்கினான். "ஐ ஓப்பன்ட் ஒன்."

குனிஞ்சு அவன் தோளைப் பிடிச்சேன். "எதைக் கண்ணா? உள்ள என்ன இருந்தது?"

ரொம்ப யோசிச்சான். "கோகனட்."

"அப்புறம்?"

"அ மிரர்."

அவன் காமிச்ச பை வேற, மயில் போட்டது. நான் அப்படியே வாசல்ல, செருப்புங்களுக்கு நடுவுல, பட்டுப்புடவையோட உக்காந்துட்டேன். இவன் திறந்தது மயிலா இல்லாம யானையா இருந்திருந்தா? ஒரு க்ளட்ச் மேட்சிங்கா இருக்கணும்னு நான் பண்ணின காரியத்துக்கு இந்தக் குழந்தை என்ன பண்ணும்? அழுகையே வந்துடுச்சு. மானம் போனா போகட்டும்னு க்ரூப்ல டைப் பண்ணினேன்.

"எனக்கு சுகர் இல்ல. லதா குடுத்த யானைப் பை ஒண்ணுல என் துப்பாக்கி இருக்கு. லோட் பண்ணினது. எல்லாரும் குழந்தைங்களைத் தள்ளி வெச்சுட்டு, வீட்டுல இருக்கற யானைப் பையை எல்லாம் நீங்களே பாருங்க. பூப்போட்ட பவுச் இருந்தா தொடாதீங்க, எனக்கு ஃபோன் பண்ணுங்க. தப்பு என்னோடது தான்."

அனுப்பிட்டேன். வெந்தயம் நின்னு போச்சு.

அப்போ சேகர் மறுபடி கூப்பிட்டார். இந்த தடவை எடுத்தேன்.

"எத்தனை தடவை கூப்பிடறது? சாந்தி வந்து வெத்தலைபாக்கு குடுத்துட்டுப் போனா. நீ அவ வீட்டுக்கு வரவே இல்லையாமே. பை கனமா இருக்கேன்னு திறந்து பாத்தேன்."

"பாத்து?"

"உன் பவுச் இருக்கு. உன் துப்பாக்கியை சாந்தி எதுக்கு உனக்கு வெத்தலைபாக்குல வெச்சுக் குடுக்கறா?"

"ரூமைப் பூட்டிட்டு வெளிய நில்லுங்க. வந்து சொல்றேன்."

ஃபோனை வெச்சுட்டு, அவசர அவசரமா க்ரூப்புக்குப் போய் மெசேஜை டெலீட் பண்ணப் பாத்தேன். அறுபத்தொரு பேர்ல ஐம்பத்தெட்டு பேர் பாத்தாச்சு. முதல் தடவையே அந்த மனுஷனோட ஃபோனை நான் எடுத்திருந்தா ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காது. டெலீட்டை விட்டுட்டு, "கிடைச்சுடுச்சு, எங்க வீட்டுலயே இருக்கு, மன்னிச்சுடுங்க"ன்னு போட்டேன்.

அதுக்கப்புறம் வந்த பதிலெல்லாம் அப்படியே தரேன்.

லதா: "நான் குடுத்த பையிலயா வெச்சே?"

மைதிலி: "இது தெரிஞ்சிருந்தா உன்னைப் பாடவே சொல்லியிருக்க மாட்டேன்."

பத்மா ஆன்ட்டி: "அப்போ சுகர் மெஷின் வேணாமா?"

வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திட்டு, குண்டை வெளிய எடுத்து, ரெண்டு தடவை காலியான்னு பாத்து, அலமாரிப் பெட்டியில வெச்சுப் பூட்டினேன். சேகர் கதவுக்கு வெளியிலேர்ந்து, "ஆயுத பூஜைக்கு இன்னும் நாலு நாள் இருக்கே, அதுக்குள்ள ஊர்வலம் விட்டுட்டியா?"ன்னார்.

அந்தக் கார்ப் பெட்டி சாவியும் அன்னிக்கே கிடைச்சுது. கறுப்பு ஹேண்ட்பேக்ல, துப்பாக்கி வெக்கறதுக்குன்னே இருக்கற ஜிப்புக்குள்ள, அடியில. மூணு வாரமா துப்பாக்கி அது மேல தான் உக்காந்திருந்திருக்கு.

மறுநாள் சாந்தி வீட்டுக்குப் போய் மன்னிப்பு கேட்டேன். அவ பசங்களை மாடிக்கு அனுப்பிட்டுத் தான் என்னை உள்ள கூப்பிட்டா, திட்டியிருந்தா கூட தேவலைன்னு இருந்தது. க்ளாஸ் எடுத்த தாத்தாவுக்கும் ஃபோன் பண்ணி நடந்ததைச் சொன்னேன். "எத்தனாவது மாசம்?"னு மட்டும் கேட்டார். மறுபடி முதல் க்ளாஸ்லேர்ந்து வரச் சொல்லிட்டார், போனேன். பட்டுப்புடவை கட்டற நாள்ல துப்பாக்கி இப்போ வீட்டுப் பெட்டியை விட்டு நகர்றதில்ல.

மிச்சம் இருந்த நவராத்திரி முழுக்க எங்க ஊர்ல யார் வெத்தலைபாக்கு குடுத்தாலும் வாங்கினவங்க அங்கேயே, குடுத்தவங்க கண்ணு முன்னாடியே பையைத் திறந்து கொட்டிப் பாத்தாங்க.

இந்த வருஷம் எல்லா வீட்டுலயும் ப்ளவுஸ் பிட் நல்லா இருக்கு.