ஜோர்ஜ் என்ன சொன்னான்?

"இந்தச் சாமானை இந்த வீட்டுல ஒரே ஒரு ஆள்தான் தொடணும். அது நான்!"

லயத்து இஸ்தோப்புத் திண்ணையில் நின்று செபமாலை இப்படி அறிவித்தபோது, கேட்டுக்கொண்டிருந்தவர்கள் பதினேழு பேர், இரண்டு நாய்கள். யாரும் மறுத்துப் பேசவில்லை. மனைவி அந்தோனியம்மாகூட மறுக்கவில்லை. அங்கேதான் அவர் கொஞ்சம் உஷாராகியிருக்க வேண்டும். முப்பத்தாறு வருஷக் குடித்தனத்தில் அவர் சொன்ன ஒன்றை அவள் மறுக்காமல் விட்டது அதுதான் முதல் தடவை.

சாமான் என்பது ஒரு கெசட் ரெக்கோடர். எண்பத்தொன்றாம் வருஷம், நவம்பர் மாசத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் பூசை முடிந்த கையோடு வந்து இறங்கியது. குவைத்தில் மெக்கானிக் வேலை பார்க்கிற மகன் ஜோர்ஜ், லீவில் வந்த கூட்டாளி ஒருவனிடம் கொடுத்தனுப்பியிருந்தான். வட்டவளைக்கு மேலே இருந்த அந்தத் தோட்டத்தில் ரேடியோ வைத்திருந்தவர்கள் நாலைந்து பேர் உண்டு. பேசினால் பேச்சைப் பிடித்து வைத்துக்கொள்கிற பெட்டி அதுவரை யாரிடமும் இல்லை.

கூட்டாளி ஒரு பட்டனை அமுக்கினான்.

"அம்மா... அப்பா... நான் ஜோர்ஜ் பேசுறேன். எழுதினா கை வலிக்குது. அதான் பேசியே அனுப்பிட்டேன்..."

அவ்வளவுதான். அந்தோனியம்மா ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டாள். லயத்து வரிசை வீட்டுச் சனமெல்லாம் வாசலில் கூடிவிட்டது. மூக்கைச் சிந்திவிட்டு அவளே சொன்னாள்:

"நிப்பாட்டு தம்பி. இந்தக் கூட்டத்துல வேணாம். நாளைக்கு வேலை விட்டு வந்து நானும் அவரும் நிம்மதியா உக்காந்து கேட்டுக்கிறோம்."

"எப்படிப் போடுறதுன்னு காட்டிக் குடுத்துட்டுப் போறேன் மாமா" என்றான் கூட்டாளி.

"யாருக்கு? எனக்கா?" செபமாலை சிரித்தார். "தேயிலை ஸ்டோர்ல முப்பத்தோரு வருஷம் ரோலர் ஓட்டுனவன் நான். ஒரு ரோலருக்குள்ள இந்த மாதிரிப் பெட்டி ஐந்நூறு போடலாம். சுத்துற சாமான் எதுவா இருந்தாலும் எனக்குத் தண்ணி பட்ட பாடு. நீ பஸ்ஸைப் புடி."

அவன் பஸ்ஸைப் பிடித்தான். அவனுக்குப் பின்னாலேயே செபமாலையும் பெட்டியின் புகழ் பாட டவுனுக்குப் புறப்பட்டார். இருட்டிய பிறகுதான் வீடு திரும்பினார்.

மறுநாள் காலை அந்தோனியம்மா பெரட்டில் பேர் கொடுத்து வேலைக்குப் போகக் கிளம்பினாள். ஐம்பத்தைந்து வயதிலும் மலையில் கொழுந்து பறிக்கிற அவள் நிரையை முந்த ஆளில்லை. இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டே சொன்னாள்:

"சாயங்காலம் ரெண்டு பேருமாக் கேப்போம். அது வரைக்கும் கைய வச்சுக்கிட்டுச் சும்மா இருங்க."

"நான் என்ன சின்னப் புள்ளையா?"

"சின்னப் புள்ளையா இருந்தாப் பயமில்லையே."

அவள் போய்விட்டாள். வேலையிலிருந்து ஓய்ந்து ஒரு வருஷமாகிய செபமாலை, பெட்டிக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். உள்ளே மகன் இருக்கிறான். என்ன சொல்லியிருப்பான்? சம்பளம் கூடியிருக்குமா? வயிற்றுவலி போயிருக்குமா? அப்பாவைப் பற்றி ஏதாவது ஒரு வார்த்தை?

ஒன்பது மணி வரைக்கும் தாக்குப் பிடித்தார்.

பட்டன்கள் ஆறு இருந்தன. ஐந்து கறுப்பு, ஒன்று சிவப்பு. செபமாலை யோசித்தார். ஸ்டோரில் முக்கியமான சுவிட்ச் எல்லாமே சிவப்புத்தான். ஜோர்ஜ் முக்கியமானவன். ஆகவே சிவப்பு.

அமுக்கினார். அதுவே பக்கத்துப் பட்டனையும் இழுத்துக்கொண்டு உள்ளே போனது. கெசட் சுற்றியது. சத்தம் மட்டும் வரவில்லை.

"ஜோர்ஜு..." என்றார். பதில் இல்லை.

"என்னடா, பேசேன்."

காதை ஒட்டி வைத்துப் பார்த்தார். இருமினார். வீட்டின் பின் கோடியில் சேவல் கூவியது.

"அழுறியாடா? அழாத. அப்பா இருக்கேன். மெதுவாப் பேசு."

அரை மணி நேரம் அந்த அப்பா மகனுக்கு ஆறுதல் சொன்னார். கடைசியில் பெட்டி 'டக்' என்று நின்றது. மகன் ஒரு வார்த்தை பேசவில்லை.

பள்ளிக்கூடம் விட்டுப் பக்கத்துக் காம்பராப் பிள்ளை பூரணி வரும் வரை வாசலிலேயே நின்றார். பூரணிக்கு ஒன்பது வயது. அவள் மாமா ஹட்டனில் ரேடியோ திருத்துகிறவர். லீவு விட்டால் அந்தக் கடையில்தான் கிடப்பாள்.

"பாப்பா, இங்க வா. இந்தப் பெட்டிக்குக் கொஞ்சம் தொண்டை கட்டியிருக்கு."

பூரணி பெட்டியைப் பார்த்தாள். ஒரு பட்டனை அமுக்கிக் கெசட்டைப் பின்னால் ஓட்டினாள். இன்னொன்றை அமுக்கினாள்.

"ஜோர்ஜு... என்னடா, பேசேன்..." என்றது பெட்டி.

செபமாலைக்கு முகம் மலர்ந்தது. "அடடா! அப்படியே என் குரல் மாதிரியே பேசுறான் பாரு. பெத்த புள்ளையில்ல!"

"அது நீங்கதான் தாத்தா."

பெட்டி இருமியது. சேவல் கூவியது.

"செவப்புப் பட்டனை அமுக்குனா நம்ம பேசுறது உள்ள போயிரும். முந்தி இருந்தது அழிஞ்சிரும்."

"அப்ப ஜோர்ஜ் பேச்சு?"

"பேச்சு போச்சு, தாத்தா."

சொல்லிவிட்டுப் பூரணி உதட்டைக் கடித்துக்கொண்டு குனிந்தாள். தோள் குலுங்கியது. பாவம், பிள்ளைக்கு அழுகை வருகிறது என்று செபமாலை நினைத்தார்.

"அம்மாயிகிட்டச் சொல்லிராத தாயி."

"சொல்ல மாட்டேன்" என்றாள் பூரணி, நிமிராமலே.

சாயங்காலம் அந்தோனியம்மா கை கால் கழுவிவிட்டு வந்து பெட்டிக்கு முன்னால் பாயைப் போட்டாள்.

"வாங்க, கேப்போம்."

"கேட்டாச்சு."

"யாரு?"

"நான்தான். பொறுக்க முடியல. இப்ப மறுபடி போடக் கூடாது. ஒரு தடவை ஓடுனா ஒரு மாசம் ஆறணும். குவைத்துச் சூட்டுல செஞ்ச சாமான், நம்ம பனிக்குத் தாங்காது. மெஷின் விஷயம். ஒனக்குப் புரியாது."

அந்தோனியம்மா பெட்டியைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"சரிங்க. ஜோர்ஜ் என்ன சொன்னான்?"

செபமாலை தொண்டையைச் செருமினார். "நல்லா இருக்கானாம். சாப்பாடு நல்லதாம். அப்புறம்... அப்பாவை நல்லாப் பாத்துக்கச் சொன்னான்."

"அப்புறம்?"

"காலையில அப்பாவுக்கு முட்டை குடுக்கச் சொன்னான்."

"ஒன்னா, ரெண்டா?"

"ரெண்டு. நல்லாக் கேட்டேன். ரெண்டுன்னுதான் சொன்னான்."

"அப்புறம்?"

"வெறகுக்கு அப்பாவை அனுப்பாதீங்கன்னான். சனிக்கிழமை டவுனுக்குப் போயிட்டு வந்தா எங்க போனீங்க, யாரோட போனீங்கன்னு நோண்டாதீங்கன்னான்."

"என் புள்ளை எதையும் விடல" என்றாள் அந்தோனியம்மா. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மறுநாள் காலை தட்டில் இரண்டு முட்டை வந்தது. விறகுக்கு அவளே போனாள்.

மூன்று நாள் செபமாலை ராஜாவாக இருந்தார். நாலாம் நாள் முட்டை தொண்டையில் நின்றது. உண்மையிலேயே அவன் என்னதான் சொல்லியிருப்பான்?

பூரணியைக் கூப்பிட்டார். "பாப்பா, கரும்பலகையில அழிச்சாலும் எழுத்து லேசாத் தெரியுதே. அது மாதிரி இதுலயும் அடியில ஏதாச்சும் மிச்சம் இருக்காதா?"

"இருக்காது தாத்தா."

"கொஞ்சம்கூட?"

அவர் நம்பவில்லை. தன் இருமலுக்கு அடியில் மகன் குரல் கேட்கிறதா என்று தினமும் கேட்டுப் பார்த்தார். அதற்காகவே பூரணியிடம் பாடம் படிக்க வேண்டியதாயிற்று. அவள் லேசான வாத்தியார் இல்லை. 'இது ஓடுறது, இது நிக்கிறது, இது பின்னால போறது' என்று கரிக்கட்டியால் சுவரில் எழுதிப் போட்டாள். மறுநாள் பரீட்சை வைத்தாள். ஆறு பட்டனில் ஆறும் பிழை. சுவரிலேயே பெரிதாக ஒரு முட்டை போட்டாள். ஆக, செபமாலைக்குக் காலையில் இரண்டு முட்டை, மாலையில் ஒன்று.

அந்தோனியம்மா விடுவதாக இல்லை. தினமும் தேத்தண்ணியைக் கையில் கொடுத்துவிட்டு, "வேற என்ன சொன்னான்?" என்று உட்கார்ந்துவிடுவாள். அவரும் தினமும் புதிதாக ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது. சொன்னது அவருக்கு மறந்தது. அவளுக்கு மறக்கவில்லை.

"அன்னைக்கு வேலைக்கு ஒட்டகத்துல போறான்னீங்க. இன்னைக்கு பஸ்ஸுன்னு சொல்றீங்க?"

"போறப்ப ஒட்டகம். வர்றப்ப பஸ்."

"அப்ப ஒட்டகம் எப்படி வீட்டுக்கு வரும்?"

"அதுக்கு வழி தெரியும்."

"ஒங்களை விடப் பரவாயில்லையே" என்று எழுந்து போனாள்.

அதன் பிறகுதான் வீட்டில் விசித்திரங்கள் தொடங்கின. ஒரு நாள் வேலை விட்டு வந்தவள் காம்பராவுக்குச் சுண்ணாம்பு அடித்தாள். பூரணியின் முட்டை மறைந்தது. அடுத்த ஞாயிறு, ஒற்றை ஆளாக பூண்டுலோயாவுக்கு பஸ் ஏறிப் போய்ப் பொழுது சாய்ந்து திரும்பினாள். வரும்போது முகமெல்லாம் சிரிப்பு. அதற்கடுத்து, பங்குச் சாமியாரோடு கோயில் வாசலில் அரை மணி நேரப் பேச்சு. பிறகு ஹட்டனிலிருந்து ஒரு புதுச் சேலை, ஒரு வெள்ளைச் சட்டை. சேவலுக்குத் தனியாகத் தீனி.

"இதெல்லாம் எதுக்கு?" என்றார் செபமாலை.

"ஜோர்ஜ் சொன்னானே."

"எப்பச் சொன்னான்?"

"கேட்டது நீங்க. என்னையக் கேக்குறீங்க?"

அதற்கு மேல் எப்படிக் கேட்பது? அவளைக் கேட்டால், பெட்டியைக் கேட்கவில்லை என்று ஆகிவிடும். இரவும் பகலும் மண்டையைக் குடைந்துகொண்டார். பெட்டியைக் கேட்காத அவளிடம் கூட்டாளி வாய்வழியாக ஏதாவது சொல்லிவிட்டுப் போனானோ? சுண்ணாம்புக்கும் சாமியாருக்கும் என்ன சம்பந்தம்? பூண்டுலோயாவில் யார் இருக்கிறார்கள்? யாருக்காவது உடம்பு சரியில்லையோ? மகனுக்கே ஏதாவது ஆகி, நேர்த்தி கீர்த்தி வைக்கச் சொன்னானோ? அந்த நினைப்பு வந்ததிலிருந்து முட்டை அடியோடு இறங்கவில்லை. அவர் அழித்தது பொய்யும் புரட்டும் இல்லை, பெற்ற பிள்ளையின் வாய்ச்சொல். அதை அவள் தன் காதால் கேட்கவே இல்லை என்பதை எண்ணிப் பெட்டியைத் துடைத்துத் துடைத்து வைத்தார்.

டிசம்பர் பதினொன்றாம் தேதி, வெள்ளிக்கிழமை. மழை விட்டு மலையெல்லாம் பளிச்சென்று இருந்தது. அந்தோனியம்மா வேலைக்குப் போகவில்லை. புதுச் சேலை கட்டியிருந்தாள். சேவல் சட்டிக்குள் கொதித்துக்கொண்டிருந்தது. வெள்ளைச் சட்டையை எடுத்து நீட்டினாள்.

"போட்டுக்குங்க."

"எதுக்கு?"

"ஜோர்ஜ் சொன்னதுக்கு."

செபமாலை ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தார். "அந்தோனியம்மா, நான் ஒன்னு சொல்றேன், கத்தாத. அவன் என்ன சொன்னான்னே எனக்குத் தெரியாது. செவப்பை அமுக்கி எல்லாத்தையும் அழிச்சிட்டேன். முட்டை நான் சொன்னது. வெறகு நான் சொன்னது. ஒட்டகம்..."

"ஒட்டகமும் நீங்கதான்."

அவள் கத்தவில்லை. அரிசி டின்னுக்குள் கையை விட்டு, துணியில் சுற்றிய ஒரு கெசட்டை எடுத்தாள். "பூரணி!" என்றாள். கூப்பிடக் காத்திருந்தது போலப் பூரணி உள்ளே வந்தாள்.

"அன்னைக்கு ரெண்டு கெசட் வந்துச்சு" என்றாள் அந்தோனியம்மா. "அவன் பேசுனது ஒன்னு. நாம பேசி அனுப்புறதுக்கு வெறுசா ஒன்னு. நீங்க டவுனுக்குப் போன நேரம் இந்தப் புள்ளையைப் போடச் சொல்லி முழுசையும் கேட்டுட்டேன். நீங்க கைய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டீங்கன்னு தெரியும். அதான் இதை அரிசிக்குள்ள போட்டுட்டு, வெறுசை உள்ள வச்சுட்டு மலைக்குப் போனேன்."

"பாப்பா, நீயுமா?"

"அம்மாயிகிட்டச் சொல்லாதன்னுதானே சொன்னீங்க? நான் சொல்லல. அவங்களுக்கே தெரியும்" என்றாள் பூரணி. கெசட்டை மாற்றினாள். பட்டனை அமுக்கினாள்.

"அம்மா... அப்பா... நான் ஜோர்ஜ் பேசுறேன்..."

செபமாலை பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டார். அது மகனின் தோள் போல இருந்தது. கண் கலங்கியது. ஜோர்ஜ் பேசிக்கொண்டே போனான். வயிற்றுவலி போய்விட்டதாம். பூண்டுலோயா யேசுரட்ணம் மாமா மகள் பவுலினைக் கட்டிக்கொள்ளச் சம்மதமாம். போய்ப் பேசி முடிக்கச் சொன்னான். சாமியாரிடம் கோயிலில் கல்யாண ஓலை வாசிக்கச் சொல்லி வைக்கட்டுமாம். டிசம்பர் பதினொன்றாம் தேதி காலையில் லீவில் வருகிறானாம், நத்தார்ப் பண்டிகைக்கு வீட்டில்தானாம்.

"பதினொன்னுன்னா இன்னைக்கில்ல!" என்றார் செபமாலை.

"பேசாமக் கேளுங்க" என்றாள் அந்தோனியம்மா.

"...அப்பாகிட்ட நீங்க தனியா ஒன்னும் சொல்ல வேணாம்மா. அவரே போட்டுக் கேக்கட்டும். அதுல அவருக்கு ஒரு சந்தோசம். என்ன, அப்பா இந்தப் பெட்டிய ஓட்டப் பழகி, நான் சொன்னதை முழுசாக் கேட்டு முடிக்கிறதுக்குள்ள நானே வந்து சேந்துருவேன்..."

பெட்டி 'டக்' என்று நின்றது.

நின்ற பிறகும் ஜோர்ஜின் குரல் கேட்டது. வாசலில் சூட்கேசை இறக்கி வைத்துவிட்டு அவன் நின்றுகொண்டிருந்தான்.

"என்னப்பா, இப்பத்தான் கேக்குறீங்களா?"