நாற்பதாம் பெட்டியில் மண்ணெண்ணெய் வாடை

கல்கத்தா துறைமுகத்தில் புயல் கப்பலை நிறுத்தியிருக்கிறது, வேலைநிறுத்தம் நிறுத்தியிருக்கிறது. பேச்சுத்துணை இல்லை என்பதற்காகக் கப்பல் சரக்கை நிறுத்திய ஆள், எனக்குத் தெரிந்து, இந்தப் பூமியில் ஒருவர்தான். அவருடைய நிஜப் பெயர் சம்பளப் பட்டியலில் இருந்திருக்கும். எங்கள் தேயிலை ஏற்றுமதி அலுவலகத்தில் அவர் கொந்தோ பாபு. கொந்தோ என்றால் வங்காள மொழியில் வாடை. எனக்கு மட்டும் அவர் அண்ணாச்சி, ஏனென்றால் அந்த அலுவலகத்தில் அவரும் நானும்தான் தமிழ்.

தொண்ணூறுகளின் நடுவில், மாஸ்கோவிலிருந்து ஒன்றேகால் மணி நேர ரயில் தூரத்தில் இருந்த ஒரு சின்ன ஊரில் கம்பெனி ஒரு கிடங்கு எடுத்தது. யாராவது அங்கே போய் இருக்கவேண்டும் என்று சுற்றறிக்கை வந்ததும் அலுவலகமே இருமத் தொடங்கியது. டிசம்பர் எட்டிப் பார்த்தாலே காதை மூடிக் குரங்குக் குல்லா மாட்டிக்கொள்ளும் ஜனங்கள் அவர்கள். இரண்டே நாளில் பதினோரு பேர் டாக்டர் சர்டிபிகேட் கொண்டுவந்துவிட்டார்கள். கை தூக்கியவர் அண்ணாச்சி ஒருவர்தான். நாற்பத்திரண்டு வயது, கல்யாணம் ஆகாதவர், திருநெல்வேலிக்காரர். சொந்தமாக ஒரு ஸ்வெட்டர்கூடக் கிடையாது.

"சாந்த்ராகாச்சியில இருந்து தெனம் லோக்கல் ரயில்ல வாரேன்லா? அங்கயும் அதே கததான். நடுவுல கொஞ்சம் ஐஸு, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெளிநாட்டு லைனும் ஃபேக்ஸ் மெஷினும் என் மேஜையில்தான். புதன்கிழமை மூன்று மணிக்கு நான் அவரைக் கூப்பிட்டு, எத்தனை பெட்டி வந்தது, எத்தனை உடைந்தது என்று எழுதிக்கொள்ளவேண்டும். மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தபடி பக்கத்திலேயே நிற்பார். அண்ணாச்சி பெட்டி விவரத்தைப் பதினைந்து வினாடியில் ஒப்பித்துவிடுவார்.

"சரி, அது கெடக்கட்டும். இன்னைக்கு என்ன கொழம்பு?"

அதற்குத்தான் அவர் ஒரு வாரம் காத்திருந்திருக்கிறார் என்பது குரலிலேயே தெரியும். ரயில்வேயில் ஓய்வு பெற்ற என் அப்பா, அம்மாவைக் கூட்டிக்கொண்டு மதுரைக்குப் போய்விட்டிருந்தார். நான் இருந்தது பாலிகஞ்சில் ஒரு பெண்கள் ஹாஸ்டல். அங்கே திங்கள் முதல் ஞாயிறு வரை உருளைக்கிழங்கு போஸ்தோ, அதாவது கசகசா அரைத்துப் போட்ட கறி. இதையா அவ்வளவு தூரத்தில் பனியில் நிற்கும் மனிதரிடம் சொல்வது? வாய்க்கு வந்ததை அடித்துவிட்டேன்.

"மோர்க்குழம்பு, அண்ணாச்சி."

"தொட்டுக்க?"

"வாழைக்காய்ப் பொரியல்."

"தேங்கா போட்டியா?"

"போட்டேன்."

அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெருமூச்சு வரும். பிறகு அவர் தன் ஊர்ப் புராணத்தைத் தொடங்குவார்.

"காலையில எட்டு மணிக்கு மொத்த ஊரும் ரயிலேறி மாஸ்கோ போயிருதும்மா. நானும் நாலு கெழவியும் ஒரு நாயுந்தான் பாக்கி. சாயங்காலம் திரும்பி வாராவ. வீட்டுக்கு ரெண்டு கதவு, ஒண்ணு இரும்பு. ரெண்டையும் சாத்திக்கிடுதாவ."

கூட்டத்தில் இடிபட்டுப் பழகிய உடம்பு. அதனால் தினமும் காலையில் ஸ்டேஷனுக்குப் போய், அடுத்த ஸ்டேஷன் வரை டிக்கெட் எடுத்து, நெரிசலில் நின்று போய், இறங்கி, பனியில் நடந்தே கிடங்குக்குத் திரும்புவாராம். ஒருநாள் டிக்கெட் பரிசோதிக்கும் அம்மாள், தினமும் ஒரே ஒரு ஸ்டேஷனுக்கு எதற்கு என்று பிடித்துக்கொண்டாள். இவருக்குத் தெரிந்த ரஷ்ய வார்த்தைகள் தேயிலை, பெட்டி, நன்றி. மூன்றையும் வரிசையாகச் சொல்லியிருக்கிறார். அவள் தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டாள்.

"எதுக்கு அண்ணாச்சி இந்த வேலை?"

"யாராச்சும் இடிச்சாத்தானம்மா நாம ஒருத்தன் இருக்கோம்னு தெரியுது."

எனக்குச் சிரிப்பு வந்தது. போனை வைத்த பிறகு வரவில்லை.

அடுத்த மாதம் மேனேஜர் உத்தரவு போட்டார். வெளிநாட்டு லைன் ஒன்றே ஒன்று, எல்லாரும் அதற்குக் காத்திருக்கிறார்கள். அண்ணாச்சி இனி ஃபேக்ஸ் அனுப்பினால் போதும், புகார் இருந்தால் மட்டும் போன். இரண்டு புதன்கிழமை ஃபேக்ஸ் ஒழுங்காக வந்தது. மூன்றாவது புதன், 'நாற்பதாம் பெட்டியில் மண்ணெண்ணெய் வாடை' என்று வந்தது.

தேயிலை பக்கத்தில் இருக்கும் எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும். எங்கள் அலுவலகத்தில் தீ என்று கத்தினால் டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள். வாடை என்றால் ஓடுவார்கள். மேனேஜரே டயல் செய்து என் கையில் கொடுத்தார். நாற்பது நிமிடம் பேசினோம். அதில் மண்ணெண்ணெய்க்கு இரண்டு நிமிடம், மீதி தட்டப்பயறுக் குழம்புக்கு. அடுத்த வாரம் சோப்பு வாடை வந்தது, அதற்கடுத்த வாரம் பாச்சை உருண்டை, பிறகு கருவாடு. பனி உறைந்த ஊரில் கருவாடு எங்கிருந்து வந்தது என்று ஒரு ஆத்மா கேட்கவில்லை. கித்தர்பூர்த் துறையில் கப்பலேற இருந்த சரக்கு அப்படியே நின்றது.

இதில் நொந்து போனவர் எங்கள் தலைமை டேஸ்டர். முப்பது வருஷம் தேநீரைக் கரண்டியில் உறிஞ்சித் துப்பியே பேர் வாங்கியவர். அதே சரக்கின் சாம்பிளைக் காலையிலிருந்து மாலை வரை உறிஞ்சினார். ஒரு வாடையும் தட்டுப்படவில்லை. தன் நாக்கு செத்துவிட்டது என்று முடிவு கட்டி, கடுகு போட்ட மீனை விட்டார், வெற்றிலையை விட்டார், காளிகாட் போய் நாக்குக்காக வேண்டிக்கொண்டார். கடைசியில் மேனேஜர் அவரையே ரஷ்யாவுக்கு அனுப்புவது என்று தீர்மானித்தார். அவர் போய் ஒரு பெட்டியைத் திறந்தால் போதும், அண்ணாச்சியின் வேலை அன்றைக்கே போய்விடும்.

மேனேஜர் சாப்பிடப் போன நேரம் பார்த்து நான் டயல் செய்தேன்.

"அண்ணாச்சி, வாடை எல்லாம் பொய்தானே?"

முதலில் இருமினார்.

"ஆமாம்மா. நாலு நாளா என் வாயில இருந்து ஒரு சொல்லு வரல. கடையில வெரல நீட்டி ரொட்டி வாங்குதேன். தொண்ட இருக்கான்னு இருமிப் பாத்துக்கிடுதேன்."

திட்டத்தான் கூப்பிட்டேன். முடியவில்லை.

"நானும் பொய்தான் சொன்னேன். எங்க ஹாஸ்டல்ல மோர்க்குழம்பே கெடையாது."

"தெரியும்லா. மோர்க்கொழம்புக்குப் புளி எவ்வளவு கரைச்சேன்னு ஒரு நா கேட்டேன். எலுமிச்சங்கா அளவுன்னு சொன்னே."

"அப்புறம் ஏன் கேட்டுட்டே இருந்தீங்க?"

"நீ சொல்லுதது நல்லாருந்துச்சும்மா."

அன்று மாலை டேஸ்டரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். முதலில் அவர் நாக்கை நீட்டிக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டார். உயிர் வந்துவிட்டது. அடுத்து என்னைக் கடித்துக் குதறுவார் என்று நினைத்தேன். அவரோ வேறொன்றைக் கேட்டு அதிர்ந்து போயிருந்தார். கூடி உட்கார்ந்து வெட்டிப்பேச்சு பேசுவதற்கு வங்காளிகள் அட்டா என்று பெயர் வைத்து, அதைச் சாப்பாட்டுக்கு ஒரு படி மேலே வைத்திருக்கிறார்கள்.

"கீ ஷொர்போனாஷ், குடி முழுகிப்போச்சே! இத்தனை மாசமா ஒரு மனுஷன் அட்டா இல்லாமலா இருக்கான்?"

நேரே மேனேஜர் அறைக்குப் போனார். கிடங்கின் மூலையில் யாரோ வாடை பிடித்த சாமான்களைப் போட்டு வைத்திருந்தார்கள், அகற்றியாகிவிட்டது, சரக்கு புறப்படலாம் என்று கண் இமைக்காமல் புளுகினார்.

"ஆனால் ஒன்று. வாடையை ஃபேக்ஸில் எழுத முடியுமா? வாயால்தான் வர்ணிக்கவேண்டும். வாரத்துக்கு அரை மணி, அவனவன் தாய்மொழியில். இல்லையென்றால் என் நாக்குக்கு நான் பொறுப்பில்லை."

முப்பது வருஷ நாக்கை எதிர்த்துப் பேச மேனேஜருக்குத் தைரியமில்லை.

அடுத்த புதன் மூன்று மணிக்கு நான் விஷயத்தைச் சொன்னேன்.

"இனிமே வாராவாரம் அரை மணி, அண்ணாச்சி. புகாரே வேண்டாம்."

"எனக்காகவா செஞ்சிய, எல்லாருமா?" என்றார். அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை. நானும் ரிசீவரைக் காதில் வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். வாசலில் நின்ற மேனேஜர், ஏன் பேச்சையே காணோம் என்று கேட்டார்.

"முகர்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார், சார்."

அவர் மரியாதையாகத் தலையசைத்துக் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார். அன்றைக்கு அரை மணியில் நாங்கள் பேசியது இருபது வார்த்தை இருக்காது. போனை வைக்கத்தான் இரண்டு பேருக்கும் மனம் வரவில்லை.