டிம்னிட்சாவின் பச்சைத் தூசு

வெள்ளிக்கிழமைக்குள் தூசு எங்கிருந்து வருகிறது என்று எழுதிக் கொடுக்காவிட்டால், கல்லறைப் பிரிவுக்கு மாற்றிவிடுவதாக மேயர் சொல்லியிருந்தார். டிம்னிட்சா நகராட்சியின் காற்றுப் பிரிவில் இருந்த ஒரே ஆளான போகுமிலுக்கு அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. கல்லறைப் பிரிவுக்குப் போனவர்கள் ஓய்வு பெறும்வரை அங்கேயேதான் இருந்தார்கள். சிலர் அதற்குப் பிறகும்.

தூசு எங்கிருந்து வருகிறது என்பது சிலேசியா நிலக்கரிப் பகுதியில் எல்லோருக்கும் தெரியும். வீட்டு அடுப்புகள்தான் என்று, நிலக்கரியைச் சுட்டு எரிபொருளாக்கும் கோக் ஆலைக்காரர்கள் சத்தியம் செய்வார்கள். ஆலைதான் என்று வீட்டுக்காரர்கள். ஆலை நகரக் கால்பந்து அணிக்குச் சட்டை வாங்கித் தந்திருந்தது. வீடுகளில் வாக்காளர்கள் இருந்தார்கள். இரண்டையும் எழுதக் கூடாது என்று மேயர் கண்ணாலேயே சொல்லிவிட்டார்.

போகுமில் முதலில் நல்ல வார்த்தை சொல்லிப் பார்த்தார். அடுப்பில் குப்பை எரிக்காதீர்கள் என்று, நகரச் சின்னமான லிண்டன் மர இலையைப் பெரிதாகப் போட்டு நோட்டீஸ் அடித்து, சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பில் வீடு வீடாகக் கொடுத்தார். மறுநாள் தூசின் அளவு கூடியது.

அடுத்து, அடுப்புச் சாம்பலைச் சோதிக்கக் காவலர் வருவார் என்று அறிவித்தார். சோதனைக்கு முன்பே தீர்த்துவிடலாமென்று, மக்கள் பதுக்கி வைத்திருந்த பழைய செருப்பு, உடைந்த அலமாரி எல்லாவற்றையும் ஒரே மாலையில் எரித்துத் தள்ளினார்கள். காவலர் வந்தபோது அடுப்புகள் துடைத்த தட்டாக இருந்தன. காற்றுத் தூசை அளக்கும் கருவியின் வடிதாள் மட்டும் கன்னங்கரேலென்று இருந்தது.

அதை ஆய்வகத்துக்கு அனுப்பினார். அங்கிருந்து யோலாண்டா போன் செய்தாள்.

"கரி, மரமெல்லாம் எப்பவும் இருக்கறதுதான் சார். புதுசா ஒரு பச்சைச் சாயம் இருக்கு. யாரோ தினமும் ஒரே பொருளை எரிக்கிறாங்க."

"ஆலையா?"

"இல்ல. காலையில அடுப்பு பத்த வைக்கிற நேரத்துல மட்டும்தான் வருது."

போகுமிலுக்கு உயிர் வந்தது. பச்சை வண்ணம் பூசிய பலகையை எவனோ ஒருவன் எரிக்கிறான். ஆலையும் இல்லை, ஊரும் இல்லை, ஒற்றை ஆள். இதைவிட அழகான குற்றவாளி எந்த நகராட்சிக்கும் கிடைத்ததில்லை.

குடியிருப்பில் பச்சையாக இருந்தது ஆல்ஃபிரெட்டின் புறாக்கூண்டுதான். அதை அவர் பிரித்துப் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்தார். பழைய பலகைகள் எங்கே என்று போகுமில் கேட்டார். ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளியான ஆல்ஃபிரெட், அடுக்கிவைத்த பலகைகளை ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டினார்.

"என் புறாவோட வீட்டை எரிக்கிறதுக்கு முன்னால உன் ஆபீசைத்தான்யா எரிப்பேன்," என்றார்.

போகுமில் திரும்பிப் போய், பச்சைப் பலகை எரிக்காதீர்கள் என்று இரண்டாவது நோட்டீஸ் அடித்தார். மக்கள் மதிக்க வேண்டுமென்று இந்த முறை தடித்த, பளபளப்பான தாள், வீட்டுக்குப் பத்து. பச்சை இரட்டிப்பானது. வியாழக்கிழமை மூன்றாவது நோட்டீஸ், வீட்டுக்கு இருபது. அன்று மாலை, பள்ளிப் பிள்ளைகளை வெளியே விட வேண்டாம் என்று மாகாணத்திலிருந்தே உத்தரவு வந்தது.

வெள்ளி காலை ஆறு மணிக்கு, வெட்கத்தை விட்டு, குடியிருப்பின் முதல் கதவைத் தட்டினார். சுரங்கத் தொழிலாளியின் விதவையான ஹில்டெகார்டா பிக்கா, கையெல்லாம் கரியாகக் கதவைத் திறந்தாள். அடுப்பு அப்போதுதான் பிடித்து முழங்கிக்கொண்டிருந்தது. போகுமில் வாசலிலேயே நின்று கெஞ்சினார்.

"அம்மா, இன்னைக்குத்தான் எனக்குக் கடைசி நாள். சாயங்காலம் கல்லறைப் பிரிவுக்கு அனுப்பிடுவாங்க. இந்தத் தெருவுல யாரு பச்சையா எரிக்கிறாங்கன்னு மட்டும் சொல்லுங்க."

கிழவி அவரைப் பிடித்து உட்காரவைத்து, காபியை ஊற்றி முன்னால் வைத்தாள்.

"உங்களை அனுப்ப விடுவோமா தம்பி? தெருவே கையெழுத்துப் போட்டு மேயருக்கு மனு குடுத்திருக்கு. ஈரக்கரியைக்கூட ஒரே தீக்குச்சியில பிடிக்க வைக்கிற தாளை, வீடு தேடி வந்து தர்ற ஆபீசர் நீங்க ஒருத்தர்தான். என்ன, அந்த இலை போட்ட இடம் மட்டும் கொஞ்சம் பச்சையா எரியுது."