டப்பா அக்காவின் பாஸ்வேர்டுகள்

பினாங்குத் தீவிலுள்ள வங்கிப் பெட்டகங்கள் அத்தனையையும் ஒன்றாகச் சேர்த்தாலும், டப்பா அக்காவின் கழுத்தில் தொங்கிய சின்னக் கருவிக்கு இருந்த காவலுக்கு ஈடாகாது.

பீச் ஸ்திரீட்டில், கப்பல் சரக்குகளைக் கவனிக்கும் ஒரு சிறிய ஆபீஸில் நானும் அவரும் அடுத்தடுத்த மேசை. அவர் கணக்குப் பிரிவு. பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. மேனேஜர் முதல் தேத்தண்ணி கொண்டுவருபவர் வரை எல்லோருக்கும் அவர் டப்பா அக்காதான். தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய அந்தக் கறுப்பு டப்பாவுக்குள் அவருடைய பாஸ்வேர்டுகள் எல்லாம் இருந்தன. கம்ப்யூட்டரில் செருகி ரகசிய எண்ணை அழுத்தினால், வேண்டிய பாஸ்வேர்டை அதுவே தட்டிக் கொடுக்கும். இன்டர்நெட்டோடு அதற்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

கயிறு குட்டை. கழுத்திலிருந்து கழற்றவும் மாட்டார். அதனால் ஒவ்வொரு காலையும் கம்ப்யூட்டர் முன் தலையைத் தாழ்த்தி, கன்னத்தை மேசையில் வைத்துத்தான் செருகுவார். புதிதாக வந்தவர்கள் ஏதோ பிரார்த்தனை என்று நினைத்துக் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். டத்தோ கிராமாட்டிலிருந்து வரும் பஸ்ஸில் ஒருவர், அதை இதய நோய்க்காரர்கள் மாட்டும் கருவி என்று எண்ணி எழுந்து இடம் கொடுத்தார். அக்கா மறுக்கவில்லை. அன்றுமுதல் பஸ்ஸில் ஏறும்போது மட்டும் டப்பாவை வெளியே எடுத்துவிட்டுக்கொள்வார்.

புக்கிட் தெங்காவிலிருந்து வந்து எங்கள் கம்ப்யூட்டர்களைப் பார்க்கும் குமரன், ஒருநாள் எல்லோருக்கும் பாஸ்வேர்ட் மேனேஜர் மென்பொருள் போட்டுக் கொடுத்தான். ஒரே ஒரு தலைமைப் பாஸ்வேர்டை நினைவில் வைத்தால் போதும், மற்றதை அது பார்த்துக்கொள்ளும். அக்கா மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"டப்பா தொலைஞ்சா என்னாக்கா செய்வீங்க?"

"தொலைஞ்சா தொலைஞ்சிருச்சுன்னு எனக்குத் தெரியும்லா. ஒன்னோடது ஆகாயத்துல இருக்கு. அது தொலைஞ்சா யாரு வந்து ஒனக்குச் சொல்லுவா?"

"பூட்டித்தான்கா இருக்கும். திருடினாலும் தொறக்க முடியாது."

"தொறக்க முடியாததை அவன் ஏன் திருடுறான்?"

குமரன் என் கம்ப்யூட்டருக்கு வந்துவிட்டான்.

ஆனால் மென்பொருளைக் குறை சொல்ல முடியாது. என் போன் ஃபெரியிலிருந்து கடலில் விழுந்தபோது, புதுப் போனில் அரை மணி நேரத்தில் எல்லாம் திரும்பி வந்துவிட்டது. அக்காவே எட்டிப் பார்த்து, "பரவால்லையே" என்றார். தீபாவளி லீவு முடிந்து வந்த குமரன் தன் தலைமைப் பாஸ்வேர்டையே மறந்து போனதும் உண்மை. காலை முழுக்க, நினைவுக்கு வந்த பெயரையெல்லாம் முணுமுணுத்தபடி தட்டிப் பார்த்தான். "அதுல ரெண்டாவதா சொன்ன பேரு ஒன் பொண்டாட்டி பேரு இல்லையே" என்றார் அக்கா, தலையைத் தூக்காமலே.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாசாரில் மீன் பொறுக்கக் குனிந்தபோது கயிறு அறுந்து, டப்பா மீன்காரரின் ஐஸ் தண்ணீர் வாளியில் விழுந்தது.

திங்கட்கிழமை அரிசி நிரம்பிய பையோடு ஆபீசுக்கு வந்தார். அரிசிக்குள் டப்பா. ஆபீஸ் முழுக்கக் கெம்போங் மீன் வாசனை. நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. வங்கி, வரி, ஆபீஸ் கணக்கு என்று எல்லாவற்றுக்கும் குமரன் மத்தியானத்துக்குள் புதுப் பாஸ்வேர்ட் வாங்கிக் கொடுத்தான்.

"முடிஞ்சதுக்கா. இன்னும் ஏன் மூஞ்சிய இப்படி வச்சிருக்கீங்க?"

"ஒன்னு இருக்கு," என்றார். "அது என்னோடது இல்ல."

அது அவருடைய தம்பியின் ஈமெயில். கப்பலில் வேலை கிடைத்துப் போனவன். போகும் முன்னால் அக்காவுக்கு இந்த டப்பாவை வாங்கிக் கொடுத்ததே அவன்தான். வேலைக் கடிதம் ஏதாவது வந்தால் பார்த்துச் சொல்லும்படி, தன் பாஸ்வேர்டையும் அதில் ஏற்றிக் கொடுத்தான். முதலில் அடிக்கடி போன் வந்தது. அப்பா வீட்டை விற்றபோது அண்ணன் தம்பிகளுக்குள் சண்டை வந்தது. அதன்பிறகு போன் இல்லை. பழைய நம்பரும் இப்போது வேறு யாரிடமோ. பாஸ்வேர்டை மாற்றலாமென்றால், அதற்கான செய்தி அந்த நம்பருக்குத்தான் போகும்.

"ரொம்ப நாள் தொறக்காட்டி மூடிருவாங்களாம். அதான் வாராவாரம் தொறப்பேன். நானே அவனுக்கு எழுதுவேன். எழுதினதை அங்க போயி தொறந்து படிக்க மாட்டேன். படிக்காதது தடிச்ச எழுத்துல இருக்கும்லா. என்னிக்காவது ஒன்னு மெலிசா மாறியிருந்தா, அவன் வந்து பாத்திருக்கான்னு அர்த்தம்."

குமரன் டப்பாவை எடுத்துக்கொண்டு போனான். புக்கிட் தெங்காவில் எலக்ட்ரானிக் தொழிற்சாலையில் வேலை செய்யும் நண்பனிடம் காட்டி, பிரித்துச் சுத்தம் செய்து, திரையை மாற்றி, வார இறுதியில் கொண்டுவந்தான். திரை மங்கலாகத்தான் எரிந்தது. அக்கா அறுந்த கயிற்றை முடிந்து கழுத்தில் மாட்டி, கன்னத்தை மேசையில் வைத்து, ரகசிய எண்ணை அழுத்தினார். தம்பியின் ஈமெயில் திறந்தது.

வரிசையாக அக்காவின் பெயர். எல்லாமே தடித்த எழுத்தில். ஒன்றுகூட மெலியவில்லை.

அக்கா மூச்சை விட்டு, "எல்லாம் அப்படியேதான் இருக்கு" என்றார். பிறகு குமரனைப் பார்த்தார். "தம்பி, இந்த ஒன்ன மட்டும் ஒன்னோட ஆகாயத்துலயும் வச்சுரு."

"மத்ததெல்லாம்கா?"

"மத்ததெல்லாம் தொலைஞ்சா என்னாலா இப்ப?"

அக்கா வேலையிலிருந்து ஓய்வு பெற்று இப்போது சுங்கை பாக்காப்பில் தங்கை வீட்டோடு இருக்கிறார். மாதத்தில் ஒருமுறையாவது போன் வரும். தம்பியைப் பற்றி நான் கேட்பதில்லை. ஏதாவது இருந்தால் அவர் முதலில் சொல்வது அதைத்தான் என்று எனக்குத் தெரியும். மழை, முட்டி வலி, யார் வீட்டுக் கல்யாணம் என்று எல்லாம் பேசித் தீர்ந்த பிறகும் அவர் போனை வைக்கமாட்டார். அந்தப் பக்கம் காற்றாடி சுற்றும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். நானும் வைப்பதில்லை.