சமையலறை வாசலில் ஒரு ஸ்டூல்

காலையில் எழுந்து பல் துலக்கினான். சட்டையைத் தேய்த்தான். சமையலறை வாசலில் கிடந்த ஸ்டூலைச் சுற்றிப் போய்ப் பால் காய்ச்சினான். மறுபடி சுற்றி வந்து குடித்தான்.

மனைவி காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போன நாளிலிருந்து அந்த ஸ்டூல் அங்கேதான் இருந்தது. பரணிலிருந்து பெட்டி எடுக்க அவள் போட்டது. பெட்டி திரும்பி வந்தது, அவள் வரவில்லை. ஸ்டூலை நகர்த்த அவனுக்குக் கை வரவில்லை.

சுற்றி நடப்பது பழகிவிட்டது. மாமனார், மாமியார், கொழுந்தியாள் மூவரும் வந்து தங்கியபோதுதான் வினை வந்தது. வந்த அன்றே மாமனார் முழங்காலை இடித்துக்கொண்டார்.

"இதை ஓரமா வைக்கக் கூடாதா மாப்பிள்ளை?"

"வேண்டாம் மாமா. நான் ஏற்பாடு பண்றேன்."

அவன் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி. மாலையில் மஞ்சள் நாடா கொண்டுவந்து ஸ்டூலைச் சுற்றிக் கட்டினான். 'ஹஸார்டு' என்று எழுதி ஒட்டினான்.

"அப்படின்னா?" என்றாள் மாமியார்.

"ஆபத்து உண்டாக்கக்கூடிய பொருள், அத்தை. அது பாட்டுக்குச் சும்மா இருக்கும். நாம கிட்டப் போனாத்தான் ரிஸ்க்."

"அப்போ ஸ்டூல் மேல தப்பில்ல. காபி போடப் போற என் மேலதான் தப்பு!"

கல்யாணமான புதிதில் மனைவிக்கும் இதே பாடம் நடத்தினான். அவள் சட்டென்று பிடித்துக்கொண்டாள்.

"புரிஞ்சுடுச்சு. உங்க அம்மா ஹஸார்டு. அவங்க சமையல்ல உப்பு கம்மின்னு சொல்றது ரிஸ்க்."

அதன்பின் அவன் குறட்டை ஹஸார்டு, அவன் வாங்கிவரும் கத்தரிக்காய் ஹஸார்டு. தொழிற்சாலையில் அவன் எடுக்கும் வகுப்பில் ஒருவன்கூட அவ்வளவு சரியாகச் சொன்னதில்லை. நினைத்தால் அவனுக்குச் சிரிப்பு வரப் பார்க்கும். வராது.

மறுநாள் நாடா தடுக்கி மாமியார் பாலைக் கொட்டினாள். நாடா இருப்பதை எச்சரிக்க இரண்டு ஆரஞ்சுக் கூம்புகள் வைத்தான். அடுத்த நாள் மாமனார் ஒரு கூம்பைக் கட்டிப்பிடித்தபடி தரையில் உட்கார்ந்திருந்தார்.

"கூம்புக்கும் ஒரு போர்டு வச்சிடுங்க மாப்பிள்ளை."

"சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்!" என்று மாமியார் பாய்ந்து வந்தாள். "தூக்கி வெளிய போடறேன் பாருங்க!"

அவன் நாடாவைத் தாண்டி ஸ்டூலின் மேலேயே உட்கார்ந்துகொண்டான்.

"இது அவ வச்ச இடம், அத்தை. மத்ததெல்லாம் நான் துவைச்சேன், மடிச்சேன், மாத்தினேன். இது ஒண்ணுதான் அவ வச்சபடி இருக்கு."

மாமியார் கை தானாக இறங்கியது.

காய்ச்சல் கண்ட அன்று அக்காவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனவள் கொழுந்தியாள். அவன் வேலையிலிருந்து ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. இத்தனை நாள் வாய் திறக்காதவள் தயங்கித் தயங்கிக் கூம்பருகே வந்தாள்.

"அத்தான், உங்க மனசு நோகுமேன்னு சொல்லல. அக்கா இதைத் தொடவே இல்ல. பெட்டியை எடுத்துத் தந்தது பக்கத்து வீட்டுக்காரர். வண்டியில ஏறினதும் அவளுக்கு நினைவு தப்பிடுச்சு. வாசல்ல செருப்பு மாட்டிக்கிட்டே திரும்பிப் பார்த்து அவ கடைசியாச் சொன்னது இதான்: 'பல்பு மாட்ட ஏறின உன் அத்தான் அப்படியே போட்டுட்டுப் போயிருக்கார் பாரு, ஊருக்கெல்லாம் உபதேசம்! வந்ததும் முதல்ல இந்த ஸ்டூலை எடுத்து உள்ள வைக்கச் சொல்லு.'"