பொது முகம்

எனக்கு யார் மீதும் பகை கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால், ஒரு நல்ல மனிதரைப் பதினோரு மாதம் விடாமல் லஞ்சப் பேர்வழியாகவும் கலப்படக்காரராகவும் ரோட்டைத் தின்றவராகவும் ஊரறியச் செய்தவன் நான். அது எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது. ஊருக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. ஆரணியிலிருந்து ராஜபாளையத்துக்குக் கார்ட்டூனிஸ்ட் வேலைக்கு வந்திருந்தேன். (சென்னையில் ஒருத்தரும் கூப்பிடவில்லை. இவர்கள் கூப்பிட்டார்கள். அவ்வளவுதான்.) ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் இரண்டு ஊருக்கும் சேர்த்து வெள்ளிக்கிழமைதோறும் வரும் எட்டுப் பக்க வாரப் பேப்பர் அது. ஆசிரியர், நிருபர், விளம்பரம் பிடிப்பவர் எல்லாம் ஒரே ஆள். மிச்ச வேலைகளுக்கு நான். கார்ட்டூன் போடுவேன், பிழை திருத்துவேன், கண்ணீர் அஞ்சலிகளுக்குக் கருப்புக் கட்டம் போடுவேன்.

முதல் நாளே ஆசிரியர் சட்டத்தைச் சொல்லிவிட்டார்.

"யாரை வேணும்னாலும் கிண்டல் பண்ணுங்க தம்பி. ஆனா மூஞ்சி மட்டும் எவன் மூஞ்சியாவும் இருக்கப்பிடாது. இங்க எல்லாரும் எல்லாருக்கும் சொந்தம். ஒருத்தன் மூஞ்சியப் போட்டா ரெண்டு ஊர்ல இருந்தும் ஆள் வந்துரும். பொது மூஞ்சியாப் போடுங்க."

"பொது மூஞ்சின்னா எப்படி சார்?"

"எவனும் இல்லாத மூஞ்சி."

மெஸ்ஸில் சாப்பிட்டுவிட்டு அறைக்குப் போய்க் கண்ணை மூடி உட்கார்ந்தேன். பத்தே நிமிடத்தில் ஒரு முகம் வந்தது. உப்பிய கன்னம், நடுவில் ஒட்டிக்கொண்ட புருவம், மூக்குக்கு இடப்பக்கம் ஒரு மரு, முறம் மாதிரி விரிந்த காது. எங்கிருந்து வந்தது என்றே தெரியவில்லை. கற்பனை வளம் என்பது இதுதான் போலிருக்கிறது என்று பூரித்துப்போனேன். அன்றிலிருந்து என் படத்தில் தப்புச் செய்யும் எவனுக்கும் அந்த முகம்தான்.

என் அறை ஒரு பேண்டேஜ் துணிக் குடோனின் மாடியில் இருந்தது. கீழே வேலை பார்க்கும் பெண்கள் நாள் முழுக்கத் தெலுங்கில் சிரித்துக்கொண்டிருப்பார்கள். எனக்குத் தெலுங்கு தெரியாது. தமிழில் சிரித்திருந்தாலும் ஆரணிக்காரனுக்குப் பாதிதான் புரிந்திருக்கும். ஒரு நாளைக்கு எத்தனை வார்த்தை பேசுகிறேன் என்று ஒருமுறை எண்ணிப் பார்த்தேன். பதினேழு. அதில் நான்கு பக்கத்து வீட்டு வெள்ளை நாயிடம் பேசியவை. அந்த ஜாதி நாய் புது ஆளைச் சேர்க்காது என்பார்கள். சேர்க்கவும் இல்லை.

வெள்ளிக்கிழமை காலைகளில் டீக்கடை ஓரமாக நின்று, பேப்பர் படிப்பவர்களின் முகத்தையே பார்ப்பேன். ஐந்தாம் பக்கத்தில் என் படம் இருக்கும். நான்காம் பக்கம் வரை புரட்டுவார்கள். அங்கிருந்து நேராக எட்டாம் பக்கத்துக்குப் போய் யார் செத்துப்போனார்கள் என்று பார்ப்பார்கள். ஒருநாள் ஒரு பெரியவர் என் படத்தின் மீதே வடையை வைத்து அழுத்தி எண்ணெய் பிழிந்தார். அந்தத் தாளையாவது ஒருத்தர் தொட்டாரே என்று அன்றைக்கு எனக்கு ஆறுதலாக இருந்தது. (சிரிக்காதீர்கள். அப்படித்தான் இருந்தது.) படம் நன்றாக இருக்கிறது, நன்றாக இல்லை, இரண்டில் ஒன்றை யாராவது சொன்னால் போதும் என்று இருந்தேன். பதினோரு மாதம் ஒருவரும் சொல்லவில்லை.

அந்தப் பதினேழு வார்த்தையில் பாதிக்கு மேல் செலவானது சுப்பையா அண்ணாச்சி மெஸ்ஸில். மூன்று வேளையும் அங்கேதான் சாப்பாடு. அண்ணாச்சி எனக்கு எதிரே சாம்பார் வாளியோடு நின்றுகொண்டு, "இன்னும் செத்த ஊத்தட்டா தம்பி?" என்பார். நான் அவர் முகத்தைப் பார்த்து "போதுங்க" என்பேன். அவர் மனைவி பார்வதியக்கா உள்ளேயிருந்து, "ஏன் இப்படிக் கோழி கொத்துற மாதிரித் திங்கீய?" என்பார். என்னிடம் ஏதாவது கேட்ட மனிதர்கள் அந்த ஊரில் அவர்கள் இரண்டு பேர்தான். பேப்பர் ஆபீஸில் வேலை என்பது அவர்களுக்குத் தெரியும். அங்கே என்ன வேலை என்று அவர்கள் கேட்கவில்லை. கேட்டால் சொல்லலாம் என்று நானும் காத்திருந்தேன்.

மெஸ்ஸுக்கு வரும் ஆட்டோக்காரர்கள் அண்ணாச்சியை ஓயாமல் சீண்டுவார்கள்.

"என்ன அண்ணாச்சி, தார் ரோட்டையே முழுங்கிட்டியளாமே! செமிச்சுதா?"

அண்ணாச்சி வயிற்றைத் தடவிக்கொண்டு, "உங்க புண்ணியத்துல செமிச்சிரும்ல," என்பார். தன் தொப்பையைத்தான் சொல்கிறார்கள் என்று அவர் நினைப்பு. இவர்கள் பேச்சு வழக்கே இப்படித்தான் போல என்று என் நினைப்பு. அதற்கு முந்தைய நாள் வந்த பேப்பரில்தான், ஒரு காண்டிராக்டர் ஸ்பூனால் ரோட்டைச் சுரண்டித் தின்பது போல் நான் படம் போட்டிருந்தேன். அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை. இப்போது நினைத்தாலும் என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

ஒருநாள் இலை போடும்போது அண்ணாச்சி சொன்னார்.

"ஞாயித்துக்கெழம நம்ம மக செல்விக்கு நிச்சயம் தம்பி. ஸ்ரீவில்லிபுத்தூர்ல, மாப்ள வீட்ல. மாப்ள போலீசு. நீங்களும் வேன்ல வந்துருங்க. நீங்க நம்ம ஆளுல்லா?"

நம்ம ஆள்! ஒரே சட்டையை மூன்று தடவை தேய்த்தேன். வேனில் கடைசி சீட்டில், தேங்காய்ப் பழத் தாம்பாளத்தை மடியில் வைத்துக்கொண்டு, யாரோ ஒரு சின்னம்மா என் தோளில் சாய்ந்து தூங்க, அசையாமல் போனேன். என் தோளில் ஒரு மனுஷத் தலை சாய்ந்து எத்தனை நாளாயிற்று என்று தோன்றியது. அந்தத் தூரம் இன்னும் கொஞ்சம் நீண்டிருக்கலாம்.

மாப்பிள்ளையின் அப்பா, ரிட்டையரான ஏட்டு. முழங்கால் வலியால் பெண் பார்க்க வராதவர். சம்பந்தியை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறார். வேனிலிருந்து இறங்கிய அண்ணாச்சியைப் பார்த்தார். இன்னொரு தடவை பார்த்தார். உள்ளே போய், பச்சை அட்டை போட்ட ஃபைல் ஒன்றோடு வந்து உட்கார்ந்துகொண்டார். தட்டு மாற்றும் நேரத்தில் எழுந்தார்.

"தட்டு மாத்துறதுக்கு முந்தி ஒரு சின்ன விசாரணை இருக்கு."

ஃபைலைப் பிரித்தார்.

"தை மாசம், தார் ரோட்டத் தின்னது. மாசியில, பாலுக்குள்ள பைப்பத் தொறந்து விட்டது. பங்குனியில ரேசன் அரிசி. பொறவு, மேசைக்கு அடியில கைய நீட்டுனது மட்டும் நாலு தடவ. என் சர்வீஸ்ல இப்படி ஒரு கேடிய நான் பாத்ததில்ல. எவனோ என்னவோன்னு வெட்டி வெட்டி ஒட்டிட்டு வந்தேன்." ஃபைலை அண்ணாச்சியின் முகத்துக்கு நேரே திருப்பினார். "இது யாருன்னு நீங்களே சொல்லுங்க சம்பந்தி."

அண்ணாச்சி குனிந்து பார்த்தார். கை தானாக மூக்கின் இடப்பக்கம் போயிற்று. பார்வதியக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "ஆத்தாடி!" என்றார். நிலைப்படியில் பட்டுச்சேலையோடு நின்ற செல்வி ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டாள். மாப்பிள்ளை அவளைப் பார்ப்பதா, அப்பாவைப் பார்ப்பதா என்று தெரியாமல் தரையைப் பார்த்தார்.

ஒரு கல்யாணம் என் கண் முன்னால் நின்றுபோகப் போகிறது. அந்த நேரத்தில் என் மனதில் வந்தது என்ன தெரியுமா? சந்தோஷம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அப்படியொரு சந்தோஷம். என் படங்களை ஒருத்தர் வாராவாரம் வெட்டி ஒட்டி வைத்திருக்கிறார்!

தாம்பாளத்தைக் கீழே வைத்துவிட்டுக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் ஓடினேன்.

"சார், எல்லா வாரமும் வச்சிருக்கீங்களா? மாசி மூணாவது வாரத்துது இருக்கா? அதுல கோடு நல்லா வந்திருக்கும் சார்!"

வீட்டில் இருந்த அத்தனை முகமும் என் பக்கம் திரும்பியது.

"நீ யாரு?" என்றார் ஏட்டய்யா.

"நான்தாங்க வரைஞ்சேன். இது அண்ணாச்சி இல்லீங்க. இது பொது முகம்."

சொல்லிவிட்டுத் திரும்பி அண்ணாச்சியைப் பார்த்தேன். உப்பிய கன்னம். ஒட்டிய புருவம். மரு. காது. பதினோரு மாதத்தில் முதல் தடவையாக அந்த முகத்தைப் பார்ப்பது போல் பார்த்தேன்.

ஏட்டய்யா லேசில் விடுகிற ஆள் இல்லை. கல்யாணச் சாமான் லிஸ்டைத் திருப்பிப்போட்டு என்னிடம் பேனாவை நீட்டினார்.

"வேணும்னு சம்பந்தியப் போடலன்னு சொல்லுதீரு. வேற மூஞ்சி போடத் தெரியுமா தெரியாதான்னு பாத்துருவோம். இப்ப என்னயப் போடும்."

ஏட்டய்யாவுக்கு ஒடுங்கிய, நீளமான முகம். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் போட்டேன். முடித்துப் பார்த்தால், ஏட்டய்யாவின் மீசையை ஒட்டவைத்த அண்ணாச்சி. மாப்பிள்ளையைப் போட்டேன். வாலிப வயது அண்ணாச்சி வந்தார். பார்க்கவே வேண்டாமென்று எங்கள் ஆசிரியரை ஞாபகத்திலிருந்து போட்டேன். கண்ணாடி போட்ட அண்ணாச்சி! எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் அத்தைக்காரி, "சொவத்துல இருக்க பல்லியப் போடச் சொல்லுங்க. அதுவும் சம்பந்தியாத்தான் வரும்," என்றார். கூடம் முழுக்கச் சிரிப்பு.

பார்வதியக்கா மட்டும் சிரிக்கவில்லை.

"சிரிக்காதீய," என்றார். "இந்தப் பிள்ளைக்கு வேற மூஞ்சி ஒண்ணும் தெரியாது. ஊர விட்டு வந்து பதினோரு மாசமா எங்க மெஸ்ஸுக்கு வரும், திங்கும், போகும். ஒரு ஆள் அதுகூடப் பேசி நான் பாத்ததில்ல. எதுக்க நின்னு சோறு போட்டது இவிய மட்டுந்தான். அப்பொறம் எந்த மூஞ்சி வரும்?"

சிரிப்பு நின்றது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நான் தனியாக இருந்ததை ஒருத்தர் இத்தனை நாளாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார் என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இருபத்து மூன்று வயது ஆண்பிள்ளை, அத்தனை பேர் நடுவில், அந்தச் சாமான் லிஸ்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். (மை கன்னத்தில் ஒட்டி, அதையும் அவர்கள் பார்த்தார்கள்.)

ஏட்டய்யா ஃபைலை மூடினார்.

"சம்பந்தி மேல குத்தமில்லன்னு தெரிஞ்சு போச்சு. தட்ட மாத்துங்க. இந்தத் தம்பிக்குக் கண்டிஷன் பெயில். வாராவாரம் ஞாயித்துக்கெழம இங்க ஆஜராகிக் கையெழுத்துப் போடணும். வாரம் ஒரு மூஞ்சி வரையணும். எங்க வீட்ல மட்டும் பதினாலு மூஞ்சி இருக்கு."

திரும்பும்போது வேனில் அண்ணாச்சி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பாதி வழி வரை மூக்கைத் தடவிக்கொண்டே வந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"தம்பி, இந்த மரு நெசமாவே அம்புட்டுப் பெருசாவா இருக்கு?"

"இல்லண்ணாச்சி. அச்சுல கொஞ்சம் பரவிடும்."

"அப்பிடிச் சொல்லுங்க," என்றார், பெரிய நிம்மதியோடு.

ஏட்டய்யா விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு போனால், நீளமான கோடு போட்ட நோட்டில் தேதி எழுதித் தயாராக வைத்திருந்தார். கையெழுத்துப் போட்டேன். அத்தையை உட்காரவைத்து வரைந்தேன். நான்காவது வாரம்தான் அத்தை அத்தையாக வந்தார். அப்புறம் பால்கோவா, அப்புறம் சாப்பாடு, சாயங்காலப் பஸ். ஆறு மாதத்தில் என் படங்களில் விதவிதமான முகங்கள் நடமாடின. அதன் பிறகுதான் ஆசிரியரைத் தேடி உண்மையாகவே இரண்டு ஊரிலிருந்தும் ஆள் வர ஆரம்பித்தது. "பேசாம அந்தப் பழைய மூஞ்சியவே போடுங்க தம்பி," என்று அவர் என்னைக் கும்பிட்டார்.

இப்போது நான் கோயம்புத்தூரில் பிள்ளைகளின் புத்தகங்களுக்குப் படம் போடுகிறேன். செல்விக்குப் பையன் பிறந்தபோது முதல் போன் எனக்குத்தான் வந்ததாம். (ஏட்டய்யா சொல்கிறார். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.) "தம்பி, ஒடனே பொறப்பட்டு வாரும். உம்ம பொது முகம் பொறந்திருக்கு!" போய்ப் பார்த்தேன். தொட்டிலுக்குள் ஒட்டிய புருவமும் விரிந்த காதுமாக அண்ணாச்சி படுத்திருந்தார். அந்தப் பையன் எந்தச் சேட்டை செய்தாலும் இன்றுவரை அந்த வீட்டில் என்னைத்தான் திட்டுகிறார்கள், "வரைஞ்சவனச் சொல்லணும்" என்று.

குழந்தையைப் பார்த்துவிட்டு அன்று கிளம்பும்போது ஏட்டய்யா வழக்கம்போல நோட்டை நீட்டினார். பழைய பக்கங்களைப் புரட்டினேன். நான் கோயம்புத்தூருக்குப் போன பிறகும் எழுதுவதை அவர் நிறுத்தவில்லை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமைக்கும் தேதி போட்டு, எதிரே தன் கையெழுத்தில் "ஆஜராகவில்லை", "ஆஜராகவில்லை" என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தார். நான் வரவில்லை என்று எழுதிவைக்க எனக்கு ஓர் ஆள் இருக்கிறார். பேனாவை வாங்கி, அன்றைய தேதிக்கு எதிரே கையெழுத்துப் போட்டேன்.